ஒரே நிறத்து வீடு

தெருவில் யாராவது சுவருக்குச் சாயம் பூச நினைத்தால் முதலில் அவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் கலர் அக்கா. பெயிண்ட் கடையில் சாயம் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலையை ஆரம்பித்தவள், இப்போது தனியாகவே வீடு வீடாகப் போய் அலங்காரம் செய்து தருகிறாள். "ஹாலுக்கு என்னக்கா போடலாம்?" என்று கேட்டவர் வாயை மூடுவதற்குள், ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எவ்வளவு, சோபாத் துணி வழவழப்பா சொரசொரப்பா என்று அவள் கண் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கும்.

அவள் பார்க்காத மோஸ்தர் இல்லை. ஒரு காலத்தில் மூன்று சுவர் வெள்ளை, நாலாவது மட்டும் ஆரஞ்சு. பார்த்தால் கண் கூசும், ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று அதையே பூசிக்கொண்டார்கள். அப்புறம் எதைத் தொட்டாலும் சாம்பல். இப்போது மணல் நிறம். சுவர் மணல், கதவு மணல், தரை மணல், திரைச்சீலை மணல், சுவிட்சுப் பலகைகூட மணல். பளபளப்பு கூடவே கூடாது. அலமாரிக்குக் கைப்பிடி இருந்தால் கௌரவக் குறைச்சல். ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது, அதுதான் அழகாம். அவளும் அதை மனசார நம்பினாள்.

மாமியார் போன பிறகு தனியாக வாடகை அறையில் கிடந்த மாமனாரை வீட்டோடு கூட்டிவந்துவிடலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். அவர் லாரி ஓட்டிப் பிள்ளையை ஆளாக்கியவர். மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் மனசு வெல்லம். அவர் வருகிறார் என்பதற்காகவே வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, மூலை முடுக்கு விடாமல் மணல் நிறமாக்கினாள். புது வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து காட்டவும் வசதி. அவளுக்கென்று கடையா இருக்கிறது? வீடுதான் கடை. வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

மாமனார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வந்த புதிதில் ஹாலில் உட்கார்ந்து அரட்டை அடித்தவர், போகப் போக அறையே கதி என்றாகிவிட்டார். சாப்பாடு அங்கே, டீ அங்கே. குளியலறைக்குப் போவதென்றாலும் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு போவார். ஒருநாள் டீக் கோப்பையை மேசைக்கு வெளியே, காற்றில் வைத்தார். அது விழுந்து சுக்குநூறானது. அவள் ஓடிப்போய்ப் பொறுக்கினாள். "இது ஒரு மேசையா?" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனவர், அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

மறுநாள் மகனைக் கூப்பிட்டார். "எனக்கு என் பழைய ரூமே போதும்ப்பா. ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுடு."

"ஏம்ப்பா, இங்க உனக்கு என்ன குறை?"

"குறைன்னு யார் சொன்னா? விட்டுடுன்னா விட்டுடு."

என் சமையலா, என் வாயா, எது பிடிக்கவில்லை என்று அவள் தன்னையே போட்டுக் குடைந்துகொண்டாள். "அப்பாவுக்கு நம்ம வீடு ஒட்டல, விடு" என்று கணவன் சமாதானம் சொன்னது இன்னும் சுட்டது. அந்த வாடகை அறையில் விழுந்து கிடந்தால் கேட்க ஒரு நாதி உண்டா?

அழுதுகொண்டே இருந்தால் பிழைப்பு நடக்குமா? யாரோ ஒரு வாடிக்கையாளர் கதவுக்கு அடர் நீலம் கேட்டிருந்தார். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது அவள் வழக்கம். நீலம் பூசிய பெரிய அட்டையைத் வீட்டுக் குளியலறைக் கதவிலேயே ஒட்டிவிட்டு, சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் அறையை விட்டு வெளியே வந்தார். சுவரைத் தொடவில்லை. கையை வீசிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, கதவைத் திறந்து உள்ளே போனார்.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவர் அறைக்குத் திரும்பியதும் அட்டையைப் பிய்த்து எடுத்தாள். சாயங்காலம் அவர் மறுபடி வெளியே வந்தபோது, பழையபடி சுவரைத் தடவித் தடவிக் கதவைத் தேடினார். கதவைத் தாண்டியே போய்விட்டார்.

அவள் நேரே போய் அவர் முன்னால் நின்றாள். "மாமா, உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலையா?"

"யாருக்கு? எனக்கா? இருட்டுல மலைப்பாதையில லாரி ஓட்டுனவன்மா நானு!"

"அது அப்போ. இப்போ?"

குதிகுதியென்று குதிப்பார் என்று நினைத்தாள். ஆனால் அவர் குரல் இறங்கியது. "ஆளு தெரியுதும்மா. உன் முகம் தெரியுது. இந்த வீடுதான் தெரியல. எல்லாம் பாலுக்குள்ள முங்குன மாதிரி இருக்கு. சுவரு எது, கதவு எது ஒண்ணும் புரியல. டிரைவருக்குக் கண்ணு போச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்ததே அவள்தானே! பார்த்துப் பார்த்து அழகுபடுத்தி, பெரிய மனுஷரை அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறாள்.

மறுநாளே கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். போன பார்வை திரும்பாது, மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் அவர். இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியும். வழியில் பெயிண்ட் வாங்கினாள். கதவுகளுக்கெல்லாம் அடர் நீலம். சுவரும் தரையும் சேருமிடத்தில் பழுப்புப் பட்டை. சுவிட்சைச் சுற்றிக் கறுப்புச் சட்டம். மேசை விளிம்புக்குச் சிவப்பு. அலமாரிக்குக் கொட்டை கொட்டையாகக் கைப்பிடி.

"வீடு கோடு போட்ட நோட்டு மாதிரி ஆயிடுச்சு. இதைப் பார்த்துட்டு யாரு உனக்கு வேலை குடுப்பா?" என்றான் கணவன்.

"குடுக்கிறவங்க குடுக்கட்டும். நீங்க அந்த ஏணியைப் பிடிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி வாசலில் நின்றது. மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு அறையை விட்டு வந்தார். ஹாலின் நடுவில் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். சமையலறைக்குப் போனார். தானே ஒரு கோப்பையை எடுத்து டீ ஊற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு விளிம்புக்கு உள்ளே, அலுங்காமல் மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, உன்னைப் போய் கலர் அக்காங்கிறாங்களே. இந்த நீலம் கண்றாவியா இருக்கு."

தன் நிறத்தை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வேற மாத்திடலாம் மாமா. எப்போ மாத்தட்டும்?"

"என்ன அவசரம்? அடுத்த தடவை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது மாத்து" என்றார். "நானே கூட இருந்து நல்ல கலரா எடுத்துத் தரேன்."