கண்ணை மூடிப் போட்ட ஓட்டு

எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள் என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தானே போடுகிறார்கள் என்கிறார்கள். ஐயா, நான் சொல்வது நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு. ஆரணியில், எங்கள் ஆலயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சபை மொத்தமும் இமைகளை இறுக்கிக்கொண்டு கை தூக்கியது. நடுவில் ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். அந்தத் திருட்டுக் கழுதை நான்தான். அப்போது மூன்றாம் வகுப்பு. அன்றைக்குப் பார்த்ததில் தூக்கிவாரிப் போட்டது போட்டதுதான், இன்று நினைத்தாலும் நெஞ்சு ஒரு தடவை குதிக்கிறது.

பெரியப்பாதான் சபைச் செயலாளர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான். ஊரில் பட்டுக்குப் பேர்போன வீடுகளில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் சேர்ந்திருந்த எங்கள் வீடும் ஒன்று. பெரியப்பா பாவு நூலும் பட்டும் கொடுப்பார், நெசவாளர்கள் வாங்கிக்கொண்டு போய் வீட்டுத் தறியில் நெய்து சேலையாகக் கொண்டு வருவார்கள். சபையில் இருந்த நெசவுக் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி அவரிடம் பாவு வாங்கியவர்கள். அவர் கொடுக்கவில்லையென்றால் தறி சும்மா நிற்கும், அடுப்பும் சும்மா இருக்கும். என் அப்பாவே தம்பி என்கிற உரிமையில் அவரிடம் பாவு வாங்கி நெய்தவர்தான். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

தேர்தல் வந்தால் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, சபையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். யாராவது ஒருவர் அவர் பேரை முன்மொழிவார். கை தூக்கச் சொல்வார்கள். பெரியப்பா ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வருவார். அவர் கண் போகிற வேகத்துக்குக் கைகள் எழும். ஒருமனதாகத் தேர்வு என்று அறிவித்து, கைதட்டி, வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறி சாப்பிடுவோம்.

"கவர்மெண்டு எலெக்சன்ல அடிச்சிகினு மண்டைய ஒடைச்சிக்கிறானுங்க. நம்ம சபையப் பாரு, ஒரே மனசு. இதாண்டா ஜனநாயகம்" என்பார், எலும்பை உறிஞ்சியபடி. அப்பா தலையாட்டுவார். நானும் ஆட்டுவேன்.

அந்த ஒரே மனசில் முன் பெஞ்சு, பின் பெஞ்சு என்று இரண்டு இருந்தது. முன் பெஞ்சுகள் தறிக்காரர்களுக்கு. பின் பெஞ்சுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு. அவர்கள் ரைஸ் மில்லிலும் வயலிலும் வேலை செய்தவர்கள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. திருவிருந்தில் திராட்சரசப் பாத்திரம் ஒன்றுதான், ஆனால் முன் பெஞ்சு குடித்து முடித்த பிறகுதான் பின்னால் போகும். எல்லாரும் கர்த்தருக்குள் உடன்பிறந்தவர்கள் என்று பிரசங்கத்தில் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன். உடன்பிறந்தவர்கள் எதற்காகப் பின்னால் உட்கார வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்தது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்திலும் அப்படியே. நடுவில் ஒரு செங்கல் சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். செத்த பிறகு யார் முன்னால் உட்காருவது என்று சண்டை வந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ. கல்லறைத் திருநாளன்று எங்கள் தாத்தா, பாட்டி கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமந்திப் பூ வைப்போம். கடைசியில் பெரியம்மா மிச்சமிருக்கும் பூவையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்ச் சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் வீசிவிட்டு வருவாள். சேலையில் விழுந்த ஒரு பட்டு இழையைக்கூட எடுத்துச் சுருட்டி வைக்கிறவள் அவள். ஏன் பெரிம்மா பூவைக் குப்பையில் போடுகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். "போடி, ஒன் வேலயப் பாத்துகினு" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை என்பதால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில் புதிதாக ஒரு பாஸ்டர் வந்தார். சின்ன வயசு, பைக்கில் வருவார், காலனியில் சாப்பிட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து காபி கேட்பார். பெரியம்மா கொடுப்பாள், பெரியப்பா டம்ளரைப் பார்ப்பார். அந்த வருடத் தேர்தலில்தான் நர்சக்கா செயலாளருக்கு நிற்கப் போவதாகப் பேர் கொடுத்தார். காலனிக்காரர், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. எங்கள் தெருக் குழந்தைகளில் பாதிப் பேர் அவர் கையில் விழுந்தவர்கள், என்னையும் சேர்த்து. ஜெயித்தால் முதல் வேலையாகக் கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடிப்பேன் என்று ஆலய வாசலிலேயே எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பெரியப்பா கத்தவில்லை. அவருக்கு அது பயமுறுத்தலாகவே படவில்லை, வேடிக்கையாகப் பட்டது.

"எங்கப்பா காலத்துச் செவுரு. அத்த இடிக்கிறாங்களாமா? இடிக்கட்டும், இடிக்கட்டும். மொதல்ல கைய எண்ணட்டும்" என்றார்.

பாஸ்டர் பெட்டி வைத்து, சீட்டு எழுதிப் போடலாம் என்றார். பெரியப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆலயத்துக்குள் பெட்டியும் சீட்டும் நுழைந்தால் நாளைக்குச் சின்னமும் கொடியும் வரும், எழுதத் தெரியாத பெரியவர்கள் பேஜார் படுவார்கள், கை தூக்குவதுதான் நம் வழக்கம் என்றார். பாஸ்டர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "சரிங்கய்யா, நீங்க சொல்றபடியே. கைதான்" என்றார். பெரியப்பா அன்றைக்கு இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

தேர்தல் ஞாயிறு. கூட எண்ணுவதற்கு வந்தவாசியிலிருந்து ஒரு வயசான போதகர் வந்திருந்தார். நான் பெண்கள் பக்கம் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில். பெரியப்பா வழக்கம்போல எழுந்து, துண்டைச் சரிசெய்து, திரும்பி நின்றார். பாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"ஐயா, நீங்களும் உக்காருங்க. எல்லாரும் தலையக் குனிஞ்சி கண்ண மூடுங்க. இது கர்த்தருடைய சமூகம். யாரும் யாரையும் பாக்க வேணாம். நாங்க ரெண்டு பேரு மட்டும் எண்ணுவோம்."

எழுப்புதல் கூட்டங்களில் இப்படித்தான் சொல்வார்கள். பாவத்தை விட்டுவிட நினைப்பவர்கள் வெட்கப்படாமல் கை தூக்குவதற்காக எல்லாரும் கண்ணை மூடுவது எங்களுக்குப் பழக்கம். அதைக் கொண்டுவந்து தேர்தலில் வைப்பார்கள் என்று யார் கண்டது! பெரியப்பாவின் வாய் திறந்தது. கை தூக்க வேண்டும் என்று கேட்டவர் அவர், கைதான் தூக்கப் போகிறார்கள். ஆலயத்தில் கண்ணை மூட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தார். தலையைக் குனிந்தார்.

ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் சாத்தான் மண்ணைத் தூவுவான் என்று ஞாயிறு பள்ளி டீச்சர் சொல்லியிருந்தார். நான் பல தடவை திறந்து பார்த்து, மண் விழாததால் அந்தப் பயத்தை விட்டிருந்தேன். ஒரு கண்ணைத் திறந்தேன்.

முதலில் பெரியப்பா பேர். ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில் கைகள் எழுந்தன. அப்பா கையும் எழுந்தது, அரைகுறையாக, தோள் உயரத்துக்கு. ஆனால் பெஞ்சுக்குப் பெஞ்சு ஓட்டை விழுந்த மாதிரி சில பேர் கைகள் மடியிலேயே கிடந்தன. பெரியப்பாவிடம் பாவு வாங்குகிறவர்கள், எனக்கு மாமா, சித்தப்பா முறை. அம்மாவின் கையும் மடியில்தான். ஐயோ, அம்மாவுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறதே என்று இடித்துப் பார்த்தேன்.

அடுத்து நர்சக்கா பேர். பின்னால் சரசரவென்று சத்தம். காலனிப் பெஞ்சுகள் முழுக்கக் கைகள். அம்மா கையைத் தூக்கினாள். அவள் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுக்கப் போனேன். அதற்குள் இந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. திரும்பினேன். பெரியம்மா இடது கையால் வலது கை வளையல்களை மேலே ஏற்றி, ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையைத் தூக்கினாள். சும்மா இல்லை, காது தாண்டி, தலை தாண்டி, நேராக.

பெரியப்பாவின் பெண்டாட்டி! தினமும் அவருக்கு வெந்நீர் விளாவி வைக்கிறவள், அவர் சாப்பிடாமல் சாப்பிடாதவள்! கூரை பெயர்ந்து விழுந்திருந்தால்கூட அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டேன். கையை இறக்கும்போது அவள் கண்ணைத் திறந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுக்கு இறக்கினாள்.

நர்சக்கா ஜெயித்தார். வந்தவாசிப் போதகர் இரண்டாம் தடவை எண்ணிக்கையைச் சொன்னபோதும் பெரியப்பா நம்பாத முகத்தோடு நின்றார். அப்புறம் போய் நர்சக்காவுக்குக் கைகொடுத்து, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தார். அவர் அப்படிச் செய்வார் என்றும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் ஆட்டுக்கறி இருந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை. எல்லாரும் இலைக்கு முன்னால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா குழம்புச் சட்டியும் கரண்டியுமாக நின்றாள். பெரியப்பா சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ ஜெபத்துல கண்ண மூட மாட்ட. எனக்குத் தெரியும்டி. இன்னைக்கும் மூடலதான?"

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத. அடிக்க மாட்டேன். நம்ம ஆளுங்கள்ல யாரு யாரு அந்தப் பக்கம் கை தூக்கினது? பேர மட்டும் சொல்லு."

அம்மா இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. பெரியம்மாவின் கையிலிருந்த கரண்டியிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. நான் சொல்கிற ஒரு பேரில் யாரோ ஒருவர் வீட்டுத் தறி நின்றுவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சொன்னால் இந்த வீடு உடைந்துவிடும் என்பது மட்டும் வயிற்றுக்குத் தெரிந்தது.

"பாக்கல பெரிப்பா. கண்ண மூடிகினுதான் இருந்தேன்."

"பொய் சொல்ற. பைபிள எடுத்துகினு வா. அது மேல கைய வெச்சி சொல்லு."

நான் எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் பெரியம்மா பேசினாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்பதைத் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை.

"கொழந்தைய ஏன் கேக்கிறீங்க? முன் பெஞ்சிலதான உக்காந்திருந்தீங்க. தலையத் திருப்பினா தெரிஞ்சிருக்கும். நீங்களே பாத்துருக்கலாமே."

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கர்த்தர் சமூகத்துல கண்ண மூடுன்னு சொன்னா மூடுறவன் நானு. திருட்டுத்தனமா பாக்குறவனா?"

"அப்போ அவளும் மூடிகினுதான் இருந்தா. விடுங்க. சோறு ஆறுது."

அவர் அவளையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார், இப்போது இலை பறக்கப் போகிறது என்று நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன். அவர் குனிந்து, பிசைந்து வைத்த சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். யாருடைய பாவும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் எங்கள் வீட்டில் கேட்கவே இல்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குள் சுவரை இடித்துவிட்டார்கள். கல்லறைத் திருநாளன்று போனோம். செங்கற்களை அள்ளிவிட்டிருந்தார்கள், அடித்தளம் மட்டும் தரையில் ஒரு கோடாகத் தெரிந்தது. பெரியம்மா அன்றைக்குத் தாத்தா, பாட்டி கல்லறைப் பக்கம் போகவே இல்லை. கூடைச் சாமந்தியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தாள். பேர் எழுதாத ஒரு சின்ன மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியவர்கள் அதில் படுக்க முடியாது, அவ்வளவு சின்னது. நர்சக்காவும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியம்மா பூவை வைக்கவில்லை, கொட்டினாள். பிறகு வாய்விட்டு அழுதாள். பெரியம்மா அழுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பெரியப்பா அந்தக் கோடு வரைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றினார். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாமல் அங்கேயே நின்றார்.

நான் பிறப்பதற்கு முன்னால் பெரியம்மாவுக்கு ஒரு பெண் பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு நம் பக்கம் இடமில்லை என்பது கமிட்டி விதி. மற்றவர்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொன்ன செயலாளர், தன் பிள்ளைக்கும் அதையே சொன்னார். ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் குழி தோண்டிப் படுக்க வைத்தவர் நர்சக்காவின் அப்பா. இதையெல்லாம் என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள்.

அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும் வழியில், "பெரிப்பா ஏம்மா அந்தப் பக்கம் வரல? எலெக்சன்ல தோத்துட்டாருன்னா?" என்று கேட்டேன். "ஆமாண்டி, ஜல்தி நட" என்றாள் அம்மா. இவ்வளவு நாள் ஆகியும் ஒரு மனுஷனுக்குக் கோபம் ஆறாதா என்று அலுத்துக்கொண்டே, பஸ் ஸ்டாண்டு முனையில் அவித்த மல்லாட்டைக் கடலை வாங்கித் தரச் சொல்லி அவளை நச்சரித்துக்கொண்டு நடந்தேன்.