துலாவிலிருந்து குதித்தவன்

என் சிநேகிதனின் கால் முறிந்ததற்கு நான்தான் காரணம். கால் சறுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். சறுக்கவில்லை. குதித்தேன்.

போன கிழமை பேரனைத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இராட்டினத்தின் அச்சுக்கு யாரோ எண்ணெய் விட்டார்கள். அந்த வாசத்தில் புத்தூர்த் தோட்டம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் துலா அச்சுக்கு நாங்கள் இலுப்பெண்ணெய் விடுவோம். அது வேறு வாசந்தான். ஆனாலும் மூக்கு அதையெல்லாம் பார்ப்பதில்லை.

துலா என்பது கிணற்றில் தண்ணீர் அள்ளும் நீண்ட பனைமரம். நடுவில் அச்சு. ஒரு தலைப்பில் கயிறும், தண்ணீர் மொள்ளும் ஓலைப் பட்டையும் தொங்கும். ஆள் மேலே ஏறி மரத்தில் முன்னும் பின்னும் நடக்க, பட்டை இறங்கி ஏறும். என் அப்பு கூலிக்குத் துலா மிதித்துத்தான் என்னை ஆங்கிலம் படிப்பித்தார். கல்லூரியில் நான் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. தகப்பனுக்குத் தோட்டம் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த வளவுச் சிநேகிதன் செல்லத்துரைக்குத்தான் துலாவை இராட்டினமாக்கும் யோசனை வந்தது. தண்ணீர் உவராகிக் கைவிட்ட கிணறு ஒன்று இருந்தது. அதன் வாயைப் பனங்குற்றிகளால் மூடி, பட்டை தொங்கிய இடத்தில் மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றைக் கட்டினான். பெட்டியில் ஒருவர் இருக்க, மற்றவர் துலாவின் வாலுக்கு நடந்தால் பெட்டி தென்னையின் உச்சி வட்டைத் தொடும். சித்திரை வருஷத்தன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஏறுவதற்குக் கூலி ஒரு பயற்றம் பணியாரம். தின்ற பணியாரத்தில் எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

பின்னேரம் செல்லத்துரை தானே ஏறினான். மலாயாவில் மாமன் வேலை எடுத்துவைத்திருந்தார். அடுத்த மாதம் கப்பல். "மேலை ஏத்தடா, மலாயா தெரியுதோ பாப்பம்" என்றான். நான் மிதித்தேன். அப்பு வேலியோரம் நின்று சிரித்தபடி பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியிலிருந்து செல்லத்துரை தெருவைப் பார்த்தான்.

"டேய், உங்கடை பெரியவாத்தியாற்றை கார் வருது. சண்டிக்கட்டை அவிட்டு விடு."

பகிடியாகத்தான் சொன்னான். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கல்லூரித் தலைமையாசிரியரின் கார் வேலிக்கு அப்பால் மெதுவாக வந்தது. முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய வேட்டியோடு துலாவில் நிற்கிற கூலிக்காரனாக என்னை அவர் பார்க்கப் போகிறார் என்ற எண்ணம் ஒன்றுதான் வந்தது. குதித்து வேலிக்குள் பதுங்கினேன். பின்னால் பெட்டி பனங்குற்றிகளில் விழுந்து நொறுங்கியது.

கார் நிற்காமலே போய்விட்டது.

"கால் சறுக்கிப்போச்சு" என்றேன். அப்பு நம்பினார். "நான்தான் வடிவாப் பழக்கேல்லை" என்று செல்லத்துரையின் தாய்க்கு முன்னால் கைகூப்பி நின்றார். முறிவு வைத்தியர் கட்டிய கால் கோணலாகவே பொருந்தியது. கப்பல் போய்விட்டது. அவன் சந்தியில் சைக்கிள் கடை போட்டான். நான் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் லிகிதரானேன்.

லீவில் வரும்போதெல்லாம் ஒரு டின் பிஸ்கற்றோடு கடைக்குப் போவேன். ஊர்க்கதை கதைப்போம். அந்தக் கதையை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. அப்பு செத்து, முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்த அன்றுதான் உண்மையைச் சொன்னேன். அவன் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஓம். மேலை இருந்தவனுக்குத் தெரியாதே? நீ காரைப் பாத்ததும் தெரியும், குதிச்சதும் தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கொப்பர் பக்கத்திலை நிண்டவர். உம்மடை தொழிலுக்கு வெக்கப்பட்டுத்தான் உம்மடை மோன் குதிச்சவன் எண்டு அந்த மனுசனுக்கு எப்பிடியடா சொல்லுறது?"

பிறகு, "சொல்லிப்போட்டாய் தானே. இனிப் பிஸ்கற் இல்லாமச் சும்மா வா" என்றான்.

அடுத்த லீவில் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று ஒத்திவைத்தேன். அதற்கடுத்த முறை பிஸ்கற்றோடு போனபோது கடை பூட்டியிருந்தது. "அண்ணை, நீங்கள் அறியேல்லையோ, செல்லத்துரை செத்துப்போனதை?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார்.

அந்தக் கிணற்றைத் தூர்த்து மேலே வீடு கட்டிவிட்டார்கள். மற்றக் கிணறுகளில் இப்போது மோட்டர் இறைக்கிறது. ஊரில் துலா மிதிக்கத் தெரிந்தவர் இல்லை.

திருவிழாவில் பேரன் இராட்டினத்தின் உச்சியிலிருந்து என்னைப் பார்த்துக் கைகாட்டினான். அவன் இறங்கும்வரை நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.