எந்த மாமு?

ராயபுரத்து லூர்துவின் மூன்றாவது மகள் ஹில்டா. கல்யாண வீட்டில் யாரைப் பார்த்தாலும், பெண் வீட்டு வழியா மாப்பிள்ளை வீட்டு வழியா என்று தோண்டிக் கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாள். அந்தப் பழக்கம்தான் 2008இல் அவள் வேலையைக் காப்பாற்றியது.

திருவொற்றியூரில் ஒரு மாடியில் செல்வநாதனின் கம்பெனி. கண்டெய்னர் யார்டுகளுக்கு கேட் சீட்டு அடிக்கிற புரோகிராம் எழுதுவார்கள். ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு புரோகிராமும் இருக்கும். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற கதையும் இருக்கும். அவரவர் திருத்தியதை வாங்கி ஒன்றாக்குவது ஹில்டாவின் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று பேச்சு. ஆறாவது மாதக் கடைசியில் வந்தது வினை. சீட்டில் கண்டெய்னர் நம்பரின் கடைசி எண்ணைக் காணோம். கேட்டில் உள்ளே விடாததால் எண்ணூர் சாலையில் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன.

"இன்னாம்மா, யாரு திருத்தினதுன்னு தேடிகினு போனா உன் பேர்லதான் வந்து நிக்குது," என்றான் பக்கத்து நாற்காலி டில்லிபாபு.

செல்வநாதன் முகம் கடுகடுத்தது. "நாளைக்கு நீ வரணுமா வேணாமான்னு சாயங்காலம் சொல்றேன்."

ஹில்டா விடவில்லை, டில்லிபாபு பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நான் ரெண்ட ஒண்ணாக்கினவ. அப்டி ஒண்ணாக்கினதுக்கு அப்பா வழி, அம்மா வழின்னு ரெண்டு கீது. நீ அப்பா வழியிலயே வந்து என்னாண்ட நின்னுகினே. நான் வாங்கிச் சேத்தது அம்மா வழி, அதுல போய்ப் பாரு."

"கம்ப்யூட்டருக்கு இன்னாம்மா சொந்தபந்தம்!"

சொன்னானே தவிர, போய்ப் பார்த்தான். மூன்று திருத்தத்துக்கு முன்னால் எண்ணை வெட்டிய ஆள் கிடைத்தான். பெயர்: மாமு. கூடவே ஒரு குறிப்பு: சீட்டுல இடம் பத்தல.

ஆபீசே சிரித்தது. அங்கே எல்லாருக்கும் எல்லாரும் மாமுதானே.

"எந்த மாமுடா அது?" என்று கத்தினார் செல்வநாதன்.

திருத்துகிறவர் தன் பெயரைப் பதியாமல் விட்டால், கம்ப்யூட்டரைத் திறக்கிற பெயரும் அந்தக் கம்ப்யூட்டருக்கு வைத்த பெயரும்தான் விழும். மாமுவுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் பெயரையும் ஹில்டா படித்தாள்.

"காலடிப்பேட்டைன்னு கீது சார். அங்க யாருக்கு வூடு?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. செல்வநாதன் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஏதோ நோண்டியது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

"அப்போ நாளைக்கு யாரு சார் வரக்கூடாது?" என்றான் டில்லிபாபு.

"அடங்குடா," என்றவர் தானே சிரித்துவிட்டார்.

ஹில்டா எண்ணைத் திரும்பச் சேர்த்தாள், ஹாரன் ஓய்ந்தது. சாயங்காலமே நிரந்தரக் கடிதம் தயாரானது. கையெழுத்துப் போட செல்வநாதன் பேனாவைத் திறந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

"சார், இதுலயாவது உங்க பேரைப் போடுங்க."