மேசைமேல் ஒரு விரல்

மழைக்காலத்தில் எங்கள் ஆபீஸ் இருந்த கழக்கூட்டத்துக்குப் பகல் என்பதே கிடையாது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே சாம்பல், உள்ளே குழல்விளக்கு. அந்த வெளிச்சத்தின் கீழ் ஒரு வாரமாக முதல் வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குட் மார்னிங் ஜென்டில்மென். அதற்கப்பால் நாக்கு நகராது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்காக எங்கள் குழு ஒரு மென்பொருள் மாதிரியைச் செய்திருந்தது. அவர்கள் நேரில் வந்து பார்க்கப்போகிறார்கள். பிடித்தால் வேலை எங்களுக்கு. பிடிக்காவிட்டால் குழு மொத்தமும் பெஞ்ச். வேலை தராமல் உட்காரவைத்து, ஒருநாள் மெல்ல வீட்டுக்கு அனுப்புவதற்கு அங்கே அதுதான் பெயர். பேசப்போவது நான். இங்கிலீஷ் சுத்தமாக இருந்தது என்பதால். தைரியம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

ஒத்திகைக்கு, குழுவிலிருந்த நெய்யாற்றின்கரைக்காரி ஜப்பான்காரராக உட்கார்ந்தாள். கையில் காப்பி, முகத்தில் கடுகடுப்பு.

“எடி, நீ ஆருகிட்ட பேசற? சுவருகிட்டயா? ஒரு முகத்தப் பிடிச்சுக்கோ. அந்த ஆளோட கண்ணப் பாத்துப் பேசு, கேட்டோ.”

“கண்ணப் பாத்தா எல்லாம் மறந்துபோறதே.”

“மறந்தா சிரி.”

“நீ கொட்டாவி விடறயே, அதுக்கும் சிரிக்கணுமா?”

“அது ஜப்பான்காரன் விடற கொட்டாவியாக்கும். நீ நிறுத்தாத.”

ஸ்லைடுகளில் ஒன்று மட்டும் முள். கரண்ட் போனால் எங்கள் மென்பொருளில் கடைசியாகப் பதிந்தது அழிந்துவிடும். மழையில் கரண்ட் போய்ப் போய்த்தான் அது எங்களுக்கே தெரியவந்தது, சரிசெய்ய நேரமில்லை. உள்ளபடியே எழுதி ஒரு ஸ்லைடாக வைத்திருந்தேன். மேனேஜர் நாகர்கோவில்காரர். அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“இத எதுக்கு மக்ளே நாமளே சொல்லணும்? பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட, பொண்ணுக்கு அப்பப்பத் தலவலி வரும்னு சொல்லுவாவளா?”

“தலவலி இல்ல சார். மயக்கம் போட்டு விழறா.”

“சரி, கெடக்கட்டு. அங்க வந்ததும் வேகமாப் போயிரு.”

அந்த நாள் வந்தது. மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் மூத்தவர், முடிவு அவர் கையில் என்றார்கள். அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டேன். நரைத்த புருவம், அசையாத உதடு. முதல் வாக்கியம் வந்துவிட்டது, இரண்டாவதும் வந்தது. அப்போது அவர் கண்ணை மூடினார்.

மூடினார். திறக்கவேயில்லை.

பிடித்துக்கொண்டிருந்த கிளை முறிந்தாற்போல. குரலை உயர்த்தினேன். உயர்த்திய குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. வேகம் கூடிற்று, சொற்கள் ஒன்றன் குதிகாலை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. அறையின் கோடியிலிருந்து மேனேஜர் விரலைச் சுழற்றினார்: போ, போ. முள் ஸ்லைடு வந்தது. தூங்குகிறவருக்கு எதற்கு இது என்று மனம் சொன்னது, எவ்வளவு சௌகரியமாகச் சொன்னது! மவுஸை இரண்டு முறை அடுத்தடுத்துத் தட்டினேன். தாண்டிவிட்டேன்.

மேசைமேல் ஒரு விரல் எழுந்து அந்தரத்தில் நின்றது.

அவருடைய சுட்டுவிரல். அதுவரை ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டதும் அது மெல்ல ஒரு தட்டு தட்டியிருக்கிறது. கண் பார்த்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். நவராத்திரிக் கச்சேரியில் அப்பா இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். “அப்பா தூங்கிப்போயிட்டா பாரேன்” என்று ஒருமுறை அம்மாவின் காதில் சொன்னேன். “அசடே, கையப் பாரு” என்றாள் அம்மா. தொடையில் விரல்கள் தாளம் எண்ணிக்கொண்டிருந்தன. பாடுகிறவர் ஓரிடம் தடுக்கியபோது விரல் இதேபோல் நின்றது. கண்மூடிக் கேட்கிறவர்களின் நடுவே வளர்ந்தவள், கோட்டும் டையும் போட்ட ஒருவர் கண்ணை மூடியதும் குறட்டையை எதிர்பார்த்திருக்கிறேன்.

அந்த விரல் இன்னும் இறங்கவில்லை.

“மன்னிக்க வேண்டும்,” என்றேன் இங்கிலீஷில். “ஒன்றைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் போகிறேன்.” மேனேஜர் இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை. மயக்கம் போட்டு விழுகிற பெண்ணைப் பற்றி, ஒளிக்காமல், மெதுவாக, வீட்டில் பேசுகிற என் சொந்தக் குரலில் சொன்னேன். விரல் இறங்கியது. ஒரு தட்டு.

முடித்ததும் அவர் கண் திறந்து அதைப் பற்றியே கேட்டார். “சரிசெய்ய எத்தனை நாளாகும்?”

ஒரே வாரம் என்பது ஒத்திகையில் தயாரித்த பதில். நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியாது. பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.”

மழை கண்ணாடியை அறைந்தது. மௌனம் விழுந்தால் எதையாவது சொல்லி அடைத்துவிடு என்று நெய்யாற்றின்கரைக்காரி பாடம் எடுத்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மற்ற இருவரோடும் தம் மொழியில் ஏதோ பேசினார். ஒரு பிறவி கழிந்தது.

“முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மூன்று மாதம் தருகிறோம், அதற்கான பணத்தோடு. மீதி வேலையைப் பிறகு பேசலாம்.”

அவர்களின் கார் கிளம்பிப் போன பிறகுதான் மேனேஜர் மூச்சுவிட்டார். “மூணு மாசம்னா மூணு மாசம். அதுவரைக்கும் ஒருத்தனும் பெஞ்சுக்குப் போவாண்டாம். ஆனா மக்ளே, அவளுக்க மயக்கத்த நீதான் தெளிய வைக்கணும்.”

“ஞானும் உறங்கறான்னுதான் நினைச்சேன்,” என்றாள் என் ஒத்திகை ஜப்பான்காரர்.

பதில் சொல்ல வாய் திறந்தேன். கரண்ட் போயிற்று.

“ஓடு எடி,” இருட்டுக்குள் அவள் குரல், “என்னெல்லாம் போச்சுன்னு பாரு.”