கை தெரியும் பீடம்

மினியா நகரில் மருந்துக்கடைப் பலகைகளுக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு வெட்டிக் கொடுக்கும் தமியானாவிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. கணவன் வக்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆராதனையில் எல்லாரும் சிரித்தால், பக்கத்திலிருப்பவரின் சட்டையை இழுத்து என்னவென்று கேட்பான். 'அப்புறம் சொல்றேன்' என்று கையமர்த்துவார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. தமியானாவுக்கு வயிறு எரியும்.

முன்வரிசையில் காது கேளாதவர்கள் பெருகவே, சைகையில் பிரசங்கம் செய்யும்படி போதகர் வக்தியை அழைத்தார். சிக்கல் பிரசங்க பீடத்தில் வந்தது. நெஞ்சுயர மரப்பெட்டி அது. பின்னால் நின்றால் கை மறையும். தள்ளி நின்றால், இரண்டு கையாலும் பேசுகிறவன் வேதாகமத்தை எங்கே வைப்பான்?

தமியானா தெளிந்த அக்ரிலிக்கில் ஒரு பீடம் செய்து கொண்டுவந்து இறக்கினாள். சபை மூப்பர் லமேயி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மீன்தொட்டியா?"

"ஆமாய்யா. தண்ணிய நீங்க ஊத்துங்க."

"போதகரோட செருப்பெல்லாம் தெரியுமே!"

"தொடச்சுப் போட்டுட்டு வரச் சொல்லுங்க."

"விழுந்தா?"

அவள் கைமுட்டியால் பீடத்தை ஓங்கித் தட்டினாள். "கண்ணாடி இல்லய்யா, அவ்வளவு சீக்கிரம் உடையாது. ஒங்க மரப்பெட்டிய நகர்த்த ஊரே வரணும். இத ரெண்டு பேர் தூக்கிரலாம். ஸ்பிரிட் மட்டும் போட்டுத் தொடைக்காதீங்க, மங்கிரும். சோப்புத்தண்ணி போதும்."

"அவன் ஓரமா நின்னு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லட்டுமே. பிரசங்கம்னா பீடத்துலதான்."

"அதுக்குத்தான்யா பீடமே கொண்டாந்திருக்கேன்."

மூப்பர் மரப்பெட்டியை நகர்த்த ஆள் கூப்பிடப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆராதனையில் வக்தி அந்தப் பீடத்தின் பின்னால் நின்றான். அவன் சைகையைக் குரலாக்க, ஓரத்தில் மைக்கோடு தமியானா. வேதாகமத்தில் வரும் பிலேயாமின் கழுதையைக் கடவுள் பேசவைத்த கதையை எடுத்திருந்தான். விரல் நுனிவரை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. திடீரென்று முன்வரிசை குலுங்கிச் சிரித்தது. தமியானாவுக்கு முகம் சிவந்து, குரல் நின்றுவிட்டது.

மற்றவர்கள் விழித்தார்கள். மூப்பர் எட்டி அவள் சட்டைக் கையை இழுத்தார். "என்னம்மா சொன்னான்? சொல்லேன், என்ன சொன்னான்?"

'அப்புறம் சொல்றேன்' என்று நாக்கு நுனிவரை வந்தது. அத்தனை வருஷத்து ஆத்திரம். அவள் அதை விழுங்கிவிட்டு மைக்கை நிமிர்த்தினாள்.

"கழுதையப் பேசவெச்ச கடவுள்தான் எனக்காகப் பேச இவளையும் குடுத்தார்னு சொல்றார்யா."

சபை வெடித்துச் சிரித்தது. அதற்குள் முன்வரிசை சிரித்து முடித்திருந்தது.