செருப்புக்காரர் தெரு வழியாகப் போனவன்

போன மாதம் தோசியுஸை எரித்துவிட்டு வந்தோம். ரோமில் நீதிபதிக்கு முன்னால், பிரம்புகளைச் சேர்த்துக் கட்டிய பிரம்புக்கட்டைத் தோளில் சாய்த்து நடந்து கூட்டத்தை விலக்குகிற சேவகன் அவன். நானும் அதே வேலைதான். இரண்டு பேரும் ஒன்றாக வேலை பழகியவர்கள்.

பழக்கம் என்றால் நடக்கப் பழகுவதுதான். பின்னால் வருகிறவரின் காலடிச் சத்தத்தை வைத்தே நம் நடையை வைக்க வேண்டும். என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பழக்கியவர் பின்னாலிருந்து எங்கள் அம்மாவைப் பற்றிக் கேவலமாகப் பேசுவார். நான் திரும்பித் திரும்பி அடி வாங்கினேன். தோசியுஸ் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அவன் தங்கை தோசியா. அவளோடு வாழ்ந்த ஹெரியுஸ் கம்பானியாக்காரன். மதுக்கடைச் சண்டையில் ஒருத்தனைக் குத்திக் கொன்றுவிட்டான். ரோமக் குடிமகன் என்றால் தண்டனையை எதிர்த்து மக்களிடம் முறையிடலாம். வெளியூர்க்காரனான இவனுக்கு அதுவும் இல்லை. நகர வாசலுக்கு வெளியே கொண்டுபோய்த் தலையை வெட்ட எங்கள் இருவருக்கும் உத்தரவு வந்தது.

அதற்கு முதல்நாள் தோசியா எங்கள் கொட்டகைக்கு வந்தாள்.

"அண்ணே, ஊத்துப் பாதையில கூட்டிட்டுப் போ. வெஸ்தா கோயில் கன்னிங்க தண்ணி கொண்டு வர்ற நேரம். சாகப் போறவனுக்கு எதிர்ல அவங்கள்ல ஒருத்தி வந்தாப் போதும், உயிரோட விட்டுருவாங்க."

"தற்செயலா வரணும். அப்படித்தான் வந்தேன்னு அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணணும். நான் வேணும்னு கொண்டுபோய் நிறுத்தினா அது என்ன சத்தியம்?" என்றான் தோசியுஸ்.

"எந்த வழியா போனா யாரு கேக்கப் போறா?" என்றேன் நான்.

"நீ சும்மா இருடா."

"உனக்கு அந்தப் பிரம்புக்கட்டுதான் சொந்தம், பந்தம், பொண்டாட்டி எல்லாம்" என்று சொல்லிவிட்டுத் தோசியா போய்விட்டாள்.

மறுநாள் தோசியுஸ் முன்னால், கை கட்டிய ஹெரியுஸ் நடுவில், நான் கடைசியில். எனக்குப் பின்னால் தோசியா. பாதை பிரிகிற இடத்தில் அவன் ஊற்றுப் பக்கம் போகாமல் செருப்புக்காரர் தெருவுக்குள் நுழைந்தான்.

"அண்ணே, ஒரு தடவை திரும்பி என் மூஞ்சியப் பாரு" என்றாள். அவன் திரும்பவில்லை.

தெரு வளைவில் வெள்ளைத் துணியால் முக்காடிட்ட ஒருத்தி வந்தாள். தலையில் தண்ணீர்ப் பானை. தரையில் வைக்க முடியாதபடி அடி கூர்த்த பானை. வெஸ்தாவின் கன்னி. ஊற்றுப் பாதையில் கல் வண்டி அச்சு முறிந்து அடைத்துக் கிடந்ததாம், அதனால் இந்த வழியாக வந்திருக்கிறாள். தோசியுஸ் பிரம்புக்கட்டைத் தாழ்த்தினான்.

"இவன் யாரு?"

"சாகப் போறவன், தாயே."

பானையைப் பிடித்தபடியே அவள் சத்தியம் செய்தாள்: "இவனைப் பாக்கணும்னு நான் வரல. யாரும் வரச் சொல்லல." பிறகு தோசியுஸைப் பார்த்தாள். "நீ?"

"உங்களைப் பாத்துரக் கூடாதுன்னுதான் இந்தப் பக்கம் வந்தேன், தாயே."

ஹெரியுஸின் கைக்கட்டை நான்தான் அவிழ்த்தேன். ஹெரியுஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதான். தோசியா அவனைத் தூக்கி நிறுத்திக் கூட்டிப் போனாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சாகிற வரைக்கும் பேசவில்லை. "அன்னிக்கு நான் ஊத்துப் பக்கம் போயிருந்தா அவன் செத்திருப்பான். அது அவளுக்கு ஏன் புரியல?" என்று ஒரே ஒரு தரம் என்னிடம் கேட்டான்.

போன மாதம் தோசியுஸின் பாடையை ஹெரியுஸும் சுமந்தான். தோசியா பாதை பிரிகிற இடம் வரைக்கும் கூடவே வந்தாள். நாங்கள் செருப்புக்காரர் தெருவுக்குள் திரும்பினோம். அவள் ஊற்றுப் பாதையில் போய்விட்டாள்.