புற்றுமண் பூசிய கை

மாமியாருக்குக் காசநோய் வந்தபோது கஞ்சி ஊட்டி, சளி துடைத்து, கூடவே படுத்துக் கிடந்தவள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. நான் அறை வாசலில் நின்று தட்டை நீட்டியதோடு சரி. நியாயப்படி கிருமி அவளைத்தான் பிடித்திருக்க வேண்டும். என்னைப் பிடித்தது.

டாக்டர் சொல்லும்வரை என் மகனை நான் தூக்கக் கூடாது என்றார்கள். அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தான். நேரே அவள் இடுப்பில் போய் ஏறிக்கொண்டான். மாஸ்க் போட்டுக்கொண்டு தூர உட்கார்ந்து பார்த்தேன். வயிறு எரிந்தது.

"அவளுக்கு மட்டும் ஏன் வரல?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலுக்குள் போகும் கிருமியை ஒரு வகை வெள்ளை அணு விழுங்கிவிடுமாம். ஆனால் இந்தக் கிருமி சாகாமல், விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அப்போது மற்ற அணுக்கள் சுற்றி நின்று அதை அடைத்து வைக்கும். பலருக்கு அந்தக் காவல் நிற்கும். எனக்கு உடைந்துவிட்டது. அவள் ரத்தம்கூடக் கெட்டிக்காரியாக இருந்தால் நான் என்னதான் செய்வது?

வீட்டில் எல்லோருக்கும் முன்கையில் சோதனை ஊசி போட்டார்கள். அந்த இடத்தில் எதையும் தடவாமல், வீங்கியிருக்கிறதா என்று காட்ட வரச் சொன்னார்கள். அவள் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அப்பிக்கொண்டு வந்து நின்றாள். எங்கள் ஊரில் எந்த வீக்கத்துக்கும் முதலில் அந்த மண்தான்.

"ஒண்ணும் தடவக் கூடாதுன்னு சொன்னேன்லா?" என்று நர்ஸ் கழுவிவிட்டார். அடியில் நல்ல வீக்கம். மாஸ்க்குக்குள் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாட்டினாயா.

"பயப்படாதம்மா. இது இருந்தா நோயின்னு அர்த்தமில்ல. கிருமியத் தெரிஞ்ச அணுக்கள் ஓடி வந்திருக்கு. எக்ஸ்ரே பாத்துட்டு, நோய் வராம இருக்க மாத்திரை தருவாங்க" என்றார் நர்ஸ். என் சந்தோஷம் அத்தோடு முடிந்தது.

வெளியே வந்ததும் அவள் அழுதாள். "வீங்கிட்டுன்னு தெரிஞ்சா பிள்ளைய என்கிட்ட இருந்தும் பிரிச்சிருவாங்கன்னு பயந்துட்டேன்க்கா. வீக்கம் வத்தட்டும்னுதான் மண்ணப் போட்டேன்."

என் பிள்ளையை. அவளிடமிருந்து பிரிப்பதாம்.

அவள் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இனி பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் எனக்குச் சொன்ன அன்று, அவளே அவனை என் கையில் கொடுத்தாள். அவன் அவளைப் பார்த்துக் கை நீட்டி வீறிட்டான். எவ்வளவு ஆட்டியும் அடங்கவில்லை. கடைசியில் கொடியில் கிடந்த அவள் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அந்த வாசத்தில் முகத்தைப் புதைத்து, என் மகன் என் தோளில் தூங்கினான்.